சுமை யார் தலையில்? – பெருந்தொற்று விட்டுச்சென்ற சோர்வும் நம் வீட்டுக் கணக்கும்



இந்தப் பாடத்தை எழுதச் சொன்னபோது நான் முதலில் மறுத்தேன். "நான் படிக்கிறது பொறியியல் அண்ணே. மனசைப் பத்தி நான் என்ன எழுதுறது?" என்றேன். பொறுப்பாளர் அண்ணன் விடவில்லை. "உன் வீட்டுல நடந்ததை எழுது தம்பி. பாதிப் பேர் வீட்டுல அதுதான் நடந்துச்சு" என்றார். அப்பா, அம்மாவிடம் கேட்டேன். "காசு கணக்கையும் எழுதலாமா?" என்றேன். அம்மா கொஞ்சம் யோசித்தார். "எழுது. மறைச்சு வச்சதுலதான் நாம கஷ்டப்பட்டோம்" என்றார். அம்மாவின் அந்த ஒரு வாக்கியம்தான் இந்தப் பாடம். மீதி எல்லாம் விளக்கம்.

1. படியில் உட்கார்ந்த அம்மா

நாங்கள் ஆயர் குரோவில் ஒரு தாமானில் இருக்கிறோம். பாட்டி, அப்பா, அம்மா, நான், தங்கச்சி என்று ஐந்து பேர். அப்பா சுற்றுலா பஸ் ஓட்டுநர். மலாக்காவில் அந்த வேலைக்கு என்றுமே குறைவு இருந்ததில்லை. 2008-இல் யுனெஸ்கோ மலாக்கா நகரத்தை உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்த பிறகு, சனி ஞாயிறுகளில் அப்பா வீட்டில் இருந்ததே இல்லை. அடிப்படைச் சம்பளம் குறைவு. பயணத்துக்குப் பயணம் கிடைக்கும் படிக்காசில்தான் குடும்பம் ஓடியது. அம்மா தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்கிறார்.

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பஸ் ஷெட்டில் நின்றது. "ரெண்டு வாரம்தான்" என்றார் அப்பா. ரெண்டு வாரம் என்னென்ன ஆனது என்று உங்களுக்கே தெரியும். அந்த வருடக் கடைசிக்குள் அப்பாவுக்கு வேலை போனது. 2021 ஜனவரி 13-இல் மறுபடியும் ஆணை வந்தபோது மலாக்காவும் அந்தப் பட்டியலில் இருந்தது. ஜூன் 1-ஆம் தேதி நாடே மூடியது.

நான் வீட்டில் இயங்கலை வகுப்பு. சாயங்காலம் மோட்டாரில் உணவு டெலிவரி. தங்கச்சிக்கும் இயங்கலை வகுப்பு. மடிக்கணினி ஒன்றுதான். அப்பா கிடைத்த நாளில் லோரியில் சாமான் ஏற்றி இறக்கப் போவார். அம்மா பன்னிரண்டு மணி நேர நைட் ஷிப்ட் முடித்து வந்து சமைப்பார், துவைப்பார், பாட்டிக்கு மருந்து கொடுப்பார், அப்புறம் மூன்று நான்கு மணி நேரம் தூங்குவார்.

ஜூன் மாதக் கடைசியில் ஒருநாள் காலை ஏழரைக்கு அம்மா வந்த சத்தம் கேட்டது. கேட் திறந்தது, மூடியது. ஆனால் ஆள் உள்ளே வரவில்லை. எட்டு மணிக்கு வகுப்பு என்பதால் நான் கணினியைத் திறந்து வைத்துவிட்டு வெளியே எட்டிப் பார்த்தேன். வாசல் படியில் அம்மா உட்கார்ந்திருந்தார். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. பையும் தோளிலேயே இருந்தது.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"இல்ல தம்பி. உள்ள வரணும்னு தோணல. அவ்வளவுதான்."

அழவில்லை, கோபப்படவில்லை. அந்தக் குரலில் ஒன்றுமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

2. இதற்கு ஒரு பெயர் உண்டு

களைப்பு வேறு, இது வேறு. களைப்பு என்றால் ஒரு நல்ல தூக்கத்தில் போய்விடும். இது தூங்கி எழுந்த பிறகும் இருக்கும். ஆங்கிலத்தில் பர்ன்அவுட் என்கிறார்கள். நம் பாட்டிமார் பாஷையில் சொன்னால் திரி கருகுவது. எண்ணெய் தீர்ந்த விளக்கில் திரியே எரிய ஆரம்பிக்குமே, அது.

ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் 1974-இல் இதைப் பற்றி எழுதினார். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதற்கு ஒரு தெளிவான விளக்கம் கொடுத்தது. அது ஒரு நோய் அல்ல. சரியாகக் கையாளப்படாத வேலை அழுத்தம் நீண்ட நாள் தொடர்ந்தால் வரும் நிலை. அதற்கு மூன்று அடையாளங்கள்:

• உடம்பிலும் மனதிலும் சக்தி வற்றிப்போவது.
• செய்யும் வேலையிலிருந்து மனம் விலகிப்போவது. "யாருக்காக இதெல்லாம்" என்ற வெறுப்பு.
• எதைச் செய்தாலும் சரியாகச் செய்யவில்லை என்ற எண்ணம்.

அந்த நிறுவனம் இதைச் சம்பள வேலைக்கு மட்டும்தான் சொல்கிறது. ஆனால் பெருந்தொற்றுக் காலத்தில் வேலை, வகுப்பு, சமையல், கடன் எல்லாமே ஒரே கூரைக்குள் வந்துவிட்டன. வேலை எங்கே முடிகிறது, வீடு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. ஆகவே வீட்டையும் சேர்த்துத்தான் நாம் பார்க்கவேண்டும்.

இந்த மூன்றையும் படித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. முதலாவது அம்மாவிடம் இருந்தது. இரண்டாவது என்னிடம் இருந்தது; வகுப்பில் கேமராவை மூடிவிட்டுப் படுத்துக் கிடந்தேன். மூன்றாவது அப்பாவிடம் இருந்தது. "இந்த வீட்டுல நான் என்னத்துக்கு இருக்கேன்" என்று அடிக்கடி சொல்ல ஆரம்பித்திருந்தார். ஒரு சோர்வை மூன்று பேரும் பங்கு போட்டு வைத்திருந்தோம்.

3. கம்பி ஏன் உடைகிறது?

ஒரு பேப்பர் கிளிப்பை எடுங்கள். ஒரு தடவை வளையுங்கள், உடையாது. திருப்பி வளையுங்கள், உடையாது. பத்து இருபது தடவை வளைத்தால் பட்டென்று முறியும். கடைசித் தடவை கூடுதல் பலம் போட்டீர்களா? இல்லை. முதல் தடவை போட்ட அதே பலம்தான். பொறியியலில் இதை உலோகக் களைப்பு என்போம். சின்னச் சுமைதான். ஆனால் திரும்பத் திரும்ப வரும்போது கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே வளர்கிறது.

1954-இல் கோமெட் என்ற பிரிட்டிஷ் ஜெட் விமானங்கள் இரண்டு, மூன்று மாத இடைவெளியில் மத்தியத் தரைக்கடல் பகுதியில் நடுவானில் உடைந்து விழுந்தன. காரணம் தேடியவர்கள் ஒரு முழு விமானத்தையே தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, பறக்கும்போது ஏற்படும் காற்றழுத்தத்தைத் திரும்பத் திரும்பக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு கட்டத்தில் திறப்பின் மூலையிலிருந்து விரிசல் கிளம்பி உடல் கிழிந்தது. ஒவ்வொரு பயணத்திலும் வந்தது சாதாரண அழுத்தம்தான். யாரும் அதை எண்ணிக்கொண்டு வரவில்லை.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அம்மா உட்கார்ந்த அந்தக் காலையில் புதிதாக ஒன்றும் நடக்கவில்லை. "அப்படி என்ன நடந்துச்சு இப்போ?" என்று நாம் கேட்போமே, அந்தக் கேள்வியே தப்பு. "எத்தனை நாளா நடக்குது?" என்றுதான் கேட்க வேண்டும்.

ஒரு வித்தியாசம் உண்டு. இரும்புக்கு ஓய்வு கொடுத்தால் விரிசல் மூடாது. மனிதனுக்கு மூடும். ஆனால் சுமை அப்படியே இருக்க, ஒருநாள் மட்டும் படுத்துத் தூங்கினால் போதாது. சுமையையும் குறைக்க வேண்டும். அதற்கு முதலில் அது யார் தலையில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

4. முதல் தாள்: யார் என்ன செய்கிறோம்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தங்கச்சியின் கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து மேசையில் வைத்தேன். ஐந்து பத்தி போட்டோம். "போன வாரம் நாம ஒவ்வொருத்தரும் என்னென்ன செஞ்சோம்னு எழுதலாம். யாரையும் குறை சொல்றதுக்கு இல்ல" என்றேன். அப்பா, "இதெல்லாம் எதுக்கு" என்றார். இருந்தாலும் உட்கார்ந்தார்.

எழுதி முடித்தபோது தங்கச்சிக்கு இரண்டு வரி. அப்பாவுக்கு ஐந்து. எனக்கு ஆறு. அம்மாவின் பத்தி தாளின் பின்பக்கம் போனது. இருபத்து மூன்று வரி. பாட்டியின் மருந்து தீரும் தேதியை ஞாபகம் வைப்பது, கேஸ் தீர்ந்ததா என்று பார்ப்பது, தங்கச்சியின் வகுப்பு லிங்க்கை ஆசிரியரிடம் கேட்பது என்று எங்கள் கண்ணில் வேலையாகவே படாதவை அதில் பாதி. நினைவில் வைப்பதும் வேலைதான். அதற்கு ஷிப்ட் முடிவதே இல்லை.

அப்பா அந்தத் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை வாங்கி, "ராத்திரி சமையல்" என்ற வரியை அம்மாவின் பத்தியில் அடித்துவிட்டுத் தன் பத்தியில் எழுதினார். அப்பாவுக்குச் சமைக்கத் தெரியாது. முதல் வாரம் முழுக்க டின் மீன் சம்பல்தான். உப்பு சில நாள் கூடும், சில நாள் குறையும். நாங்கள் ஒரு விதி வைத்தோம்: ஒருவர் எடுத்துக்கொண்ட வேலையை மற்றவர் திருத்தக்கூடாது. அம்மாவுக்கு இதுதான் கஷ்டமாக இருந்தது. "விடுங்க, நானே செஞ்சுர்றேன்" என்று எழுந்து வருவார். பாட்டி, "நீ உக்காருடி" என்று அதட்டுவார்.

துணி துவைப்பதும் பாட்டியை கிளினிக்குக்கு அழைத்துப்போவதும் என்னுடையது ஆனது. பாத்திரம் தங்கச்சிக்கு. பாட்டியும் சும்மா இருக்கவில்லை. வெங்காயம், பூண்டு உரிப்பதைத் தன் பத்தியில் எழுதச் சொன்னார்.

பாட்டி அன்று ஒன்று சொன்னார். "தோட்டத்துல லயத்து வீடுதானே. யாரு வீட்டு அடுப்பு எரியல, யாரு பெரட்டுக்கு வரலன்னு எல்லாருக்கும் தெரியும். பிள்ளைங்கள ஆயாக் கொட்டகையில விட்டுட்டு வெட்டுக்குப் போவோம். கஷ்டம்தான். ஆனா கஷ்டம் வெளிய தெரியும். இங்க ஆளுக்கு ஒரு கேட்டு போட்டுப் பூட்டிக்கிட்டோம்." தோட்ட வாழ்க்கையைப் பொற்காலம் என்று நான் சொல்லவரவில்லை. அந்தக் கூலியும் அந்த வறுமையும் யாருக்கும் வேண்டாம். ஆனால் பாட்டி சொன்னதில் உண்மை இருக்கிறது.

5. இரண்டாம் தாள்: காசு

முதல் தாள் ஒழுங்காகப் போனதால் துணிந்து இரண்டாவது தாளை எடுத்தோம். இங்கேதான் எல்லோருடைய குட்டும் உடைந்தது.

அப்பா ஊழியர் சேமநிதி வாரியத்தின் இ-லெஸ்தாரி திட்டத்தில் மாதம் 500 வெள்ளி, பன்னிரண்டு மாதம் எடுத்திருந்தார். மொத்தம் 6,000. அம்மாவுக்கு அது தெரியாது. "சேத்து வச்ச காசு" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். அம்மா ஒரு கூட்டில் மாதம் 100 வெள்ளி வீதம் 14 மாதம் கட்டியிருந்தார். அப்பாவுக்கு அது தெரியாது. நான் ஒரு பாடத்தில் தோற்றிருந்தேன். அது யாருக்கும் தெரியாது. அதுவும் என்ன பாடம்? பொருட்கள் எப்போது உடையும் என்று கணக்குப் போடும் பாடம்!

மூன்று பேரும் ஏமாற்றுவதற்காக மறைக்கவில்லை. "இவங்களுக்கு இருக்கிற கவலை போதும்" என்றுதான் மறைத்தோம். அன்பால் மறைத்த சுமையும் சுமைதான். தனியாகத் தூக்கினால் இரண்டு மடங்கு கனக்கும்.

அந்த மாதக் கணக்கை அப்படியே தருகிறேன்.

வரவு: அம்மாவின் சம்பளம் ஓவர்டைமோடு 1,700, அப்பாவின் லோரி வேலை 600, என் டெலிவரி 500. மொத்தம் 2,800 வெள்ளி.

செலவு: வீட்டுக் கடன் 640, கார் 480, மின்சாரம், தண்ணீர் 140, இணையம், கைப்பேசி 190, சாப்பாட்டுச் சாமான் 950, பெட்ரோல் 180, காப்புறுதி 150, கைப்பேசித் தவணை 110, கூட்டு 100. மொத்தம் 2,940 வெள்ளி.

குறைவது 140 வெள்ளி.

அப்பா இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். "நூத்தி நாப்பதா?" என்றார். ஒரு வருடமாக எங்கள் வீட்டைப் பயமுறுத்திக்கொண்டிருந்த பூதத்தின் அளவு 140 வெள்ளி. அது சின்னக் காசு என்று சொல்லவில்லை. அந்தச் சமயத்தில் எங்களுக்கு அது பெரிய காசு. ஆனால் அளவு தெரிந்த பயத்தோடு பேச முடியும். அளவு தெரியாத பயத்தோடு பேச முடியாது.

இங்கே நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை சில:

சேமநிதிப் பணம்: இ-லெஸ்தாரி, இ-சினார், இ-சித்ரா, 2022-இன் சிறப்பு மீட்பு என நான்கு வழிகளில் நாட்டு மக்கள் எடுத்த தொகை சுமார் 145 பில்லியன் ரிங்கிட். எடுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது; சோறு முக்கியம். ஆனால் விலையைத் தெரிந்து எடுக்க வேண்டும். ஆண்டுக்கு 5 விழுக்காடு ஈவு என்று வைத்துக்கொண்டால், அப்பா எடுத்த 6,000 வெள்ளி பத்து வருடத்தில் சுமார் 9,770 ஆகியிருக்கும். இதை நான் அப்பாவிடம் சொன்னது குத்திக்காட்ட அல்ல. வேலைக்குப் போனதும் அந்தக் குழியை நான் நிரப்ப வேண்டும் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

கூட்டு: 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் நாட்டில் கூட்டு நடத்துவது குற்றம். நம்பிக்கையின் பேரில் நடப்பதுதான். ஆனால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வருமானம் நின்றால் கூட்டு உடையும். அம்மா கட்டிய 1,400 வெள்ளியில் பாதிதான் திரும்பி வந்தது.

வட்டி முதலைகள்: விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருக்கும் நம்பருக்குப் போன் செய்யாதீர்கள். கைப்பேசியில் வரும் "உடனடிக் கடன்" செய்தியும் அதே ரகம்தான். கடன் கட்ட முடியவில்லை என்றால் முதலில் வங்கியிடமே பேசுங்கள். அடுத்து ஏகேபிகே. பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய கடன் ஆலோசனை அமைப்பு அது. ஆலோசனைக்குக் காசு கிடையாது. போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

6. ஓய்வுக்கு ஒரு விலை உண்டு

2021 ஜூலையில் அரசாங்கத்தின் ஆறு மாதக் கடன் ஒத்திவைப்பு மறுபடியும் வந்தது. 2020 ஏப்ரலில் வந்தது தானாகவே கிடைத்தது; இந்தத் தடவை விண்ணப்பிக்க வேண்டும். வீட்டில் வாக்குவாதம் ஆனது. நான் வேண்டாம் என்றேன். கடன் மறையாது, தள்ளித்தான் போகும். எங்கள் வீட்டுக் கடனில் மீதி சுமார் 90,000 வெள்ளி. ஆண்டுக்கு 4 விழுக்காடு என்றால் மாதம் 300 வெள்ளி வட்டி ஓடும். ஆறு மாதத்துக்கு 1,800.

அப்பா கேட்டார்: "சரி, 1,800. உங்கம்மா லீவு நாள்ல போற ஓவர்டைம நிறுத்தினா மாசம் எவ்வளவு குறையும்?"

"220."

"நீ வாரநாள் டெலிவரிய நிறுத்தினா?"

"200."

"அப்போ போட்டுப் பாரு."

போட்டுப் பார்த்தோம். வரவு 2,380-ஆகக் குறைந்தது. செலவில் வீட்டுத் தவணை 640 இல்லை, கூட்டு 100 இல்லை, இணையத் திட்டத்தை மாற்றியதில் 40 மிச்சம். செலவு 2,160. கையில் மாதம் 220 நிற்கும். ஆறு மாதத்தில் 1,320.

அதாவது 1,800 வெள்ளி கூடுதல் வட்டிக்கு எங்களுக்குக் கிடைத்தவை: அம்மாவுக்கு வாரத்தில் ஒரு முழு ஓய்வு நாள், எனக்குப் படிக்க ஐந்து சாயங்காலம், அவசரத்துக்கு 1,320 வெள்ளி. கணக்குப்படி பார்த்தால் நட்டம்தான். ஆனால் அம்மா விழுந்திருந்தால் 1,480 வெள்ளிச் சம்பளம் மொத்தமாக நின்றிருக்கும். விண்ணப்பம் போட்டோம். இன்றைக்கும் அந்த முடிவு சரியென்றே நினைக்கிறேன். உங்கள் வீட்டுக் கணக்கு வேறாக இருக்கலாம். எங்கள் முடிவைப் பின்பற்றாதீர்கள். எங்களைப் போல உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

ஓய்வு என்றால் கைப்பேசியோடு படுத்துக்கிடப்பது அல்ல என்பதையும் அப்போதுதான் கற்றுக்கொண்டோம். நைட் ஷிப்ட் செய்பவருக்குப் பகல் தூக்கம் மருந்து மாதிரி. வெளிச்சம் பட்டால் உடம்பு அதைப் பகல் என்றே நினைக்கும். அதனால் அம்மா அறை ஜன்னலுக்குக் கறுப்புத் துணி மாட்டினோம். பகல் இரண்டு மணிவரை மிக்ஸி கூடாது, டிவி சத்தம் கூடாது, "அம்மா, என் சட்டை எங்க?" கூடாது. கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகு ஞாயிறு சாயங்காலம் ஆயர் குரோ ஏரிப் பக்கம் நடக்கப் போனோம். அந்த ஒரு மணி நேரம் காசு பேச்சு இல்லை. அதுவும் ஒரு விதி.

7. சொல்லத் தெரிந்த வீரன்

நம் கீதை வகுப்பில் முதல் அத்தியாயத்தை வேகமாகக் கடந்துவிடுகிறோம். கொஞ்சம் நில்லுங்கள். அர்ச்சுனன் யார்? வில்லில் அவனுக்கு நிகரில்லை. அவன் போர்க்களத்தின் நடுவில், உடம்பு நடுங்குகிறது, வில் கையில் நிற்கவில்லை என்று சொல்லித் தேரில் உட்கார்ந்துவிடுகிறான். அவன் மறைக்கவில்லை. "எனக்கு ஒண்ணுமில்ல கண்ணா, நீ தேரை ஓட்டு" என்று சொல்லியிருந்தால் அப்புறம் ஒரு அத்தியாயமும் இருந்திருக்காது. அவன் வாய்விட்டுச் சொன்ன இடத்தில்தான் உபதேசம் தொடங்குகிறது.

நாம் என்ன செய்கிறோம்? "ஆம்பளப் பிள்ள, சமாளி" என்கிறோம். "எல்லார் வீட்டுலயும் கஷ்டம்தான்" என்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். அந்தப் பாடத்தில் தோற்றதை வீட்டில் சொன்ன மறுநாள், விரிவுரையாளருக்கும் மின்னஞ்சல் எழுதினேன். திட்டுவார் என்று நினைத்தேன். "முதல்லயே சொல்லியிருந்தா ஏதாவது வழி பண்ணியிருக்கலாமே" என்றார். அடுத்த பருவத்தில் ஒரு பாடத்தைக் குறைத்துக்கொண்டு, தோற்ற பாடத்தை மறுபடியும் எடுத்தேன். ஒரு பருவம் தள்ளித்தான் படிப்பு முடியும். முடியும், அதுதானே வேணும்.

பல்கலைக்கழகங்களில் ஆலோசனைப் பிரிவு இருக்கிறது. அங்கே போகிறவர் பைத்தியம் இல்லை. காய்ச்சலுக்கு கிளினிக் போகிற மாதிரிதான்.

8. சோர்வைத் தாண்டிப் போனால்

இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். சுமையைப் பகிர்ந்தும் குறையாத சோர்வு இருக்கலாம். இரண்டு வாரத்துக்கு மேல் மனம் இருண்டே இருந்தால், சாப்பாடும் தூக்கமும் கெட்டால், பிடித்தது எதிலும் மனம் ஒட்டாமல் போனால், அது பர்ன்அவுட்டைத் தாண்டிய மனச்சோர்வாக இருக்கலாம். அரசாங்க கிளினிக்கில் மருத்துவரைப் பாருங்கள். "நான் இல்லாமப் போனா நல்லது" என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் காத்திருக்காதீர்கள். பெஃப்ரெண்டர்ஸ் அமைப்பைக் கூப்பிடலாம். சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555. குடும்பப் பிரச்சினை, உதவி எதுவானாலும் தாலியான் காசே எண் 15999. உங்களுக்குத் தேவைப்படாமல் இருக்கலாம்; உங்கள் நண்பனுக்குத் தேவைப்படலாம். இப்போதே போனில் பதிந்து வையுங்கள்.

9. நம் இயக்கம் என்ன செய்யலாம்?

அந்த ஜூன், ஜூலையில் வெள்ளைக் கொடி இயக்கம் ஞாபகம் இருக்கிறதா? உதவி தேவைப்படுகிறவர்கள் வீட்டு வாசலில் வெள்ளைத் துணி கட்டினால் போதும், அக்கம்பக்கத்தார் உதவுவார்கள் என்று வலைத்தளங்களில் பரவியது. எங்கள் தாமானிலும் ஒரு வீட்டில் கட்டியிருந்தார்கள். பாட்டி ஒரு கூடை சாமான் கொடுத்துவிட்டு வந்து, "பக்கத்துல இருந்துகிட்டே ஒரு துணி கட்டினாத்தான் தெரியுது நமக்கு" என்றார்.

கொடி கட்டாத வீடுகளும் உண்டு. கட்ட மானம் இடம் கொடுக்காது. அந்த வீடுகளைக் கண்டுபிடிக்க அரசாங்கத்தைவிட நம்மால் முடியும். நமக்கு யார் வகுப்புக்கு வரவில்லை, யார் வெள்ளிக்கிழமை கோவிலுக்கு வரவில்லை என்று தெரியும்.

 2022 ஏப்ரலில் எல்லைகள் திறந்தன, அப்பா மறுபடியும் பஸ் ஓட்டுகிறார். மே மாதம் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ஆனது. அம்மா நைட் ஷிப்ட்டை விட்டுப் பகல் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டார். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். வீட்டுக் கடன் மறுபடியும் ஓடுகிறது. அப்பாவின் சேமநிதி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அம்மா சில நாள் இன்னும் வாசலில் உட்காருகிறார். ஆனால் இப்போது சப்பாத்தைக் கழற்றிவிட்டு உட்காருகிறார். அப்பா உள்ளேயிருந்து தேத்தண்ணி கலக்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காருகிறார். இரண்டு தாள்களும் இன்னும் குளிர்பெட்டியின் கதவில் இருக்கின்றன. மாதம் ஒருமுறை புதிதாக எழுதுகிறோம்.

வீட்டில் செய்து பாருங்கள்

1. இந்த ஞாயிறு குடும்பத்தோடு உட்கார்ந்து முதல் தாளை எழுதுங்கள். நினைவில் வைக்கும் வேலைகளையும் சேருங்கள். மிக நீளமான பத்தியிலிருந்து ஒரு வரியை நீங்களே கேட்டு வாங்குங்கள்.

2. அடுத்த வாரம் இரண்டாம் தாள். வரவு, செலவு, யாருக்கும் தெரியாத கடன். ஒருவர் சொல்லும்போது மற்றவர் திட்டக்கூடாது. முதலில் உங்கள் குட்டை நீங்களே உடையுங்கள். பெரியவர்களுக்குத் துணிவு வரும்.

3. வாரத்தில் ஒரு மணி நேரம், காசும் வேலையும் பேசாத நேரமாகக் குடும்பம் சேர்ந்து ஒதுக்குங்கள்.

கூட்டத்தில் பேசுங்கள்

1. உங்கள் வீட்டில் யாருடைய வேலை கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது? ஏன்?

2. "கஷ்டத்தை வெளியே சொல்லக்கூடாது" என்று நாம் எங்கே கற்றுக்கொண்டோம்? அதில் எது மானம், எது பயம்?

3. நம் பகுதியில் கடந்த மூன்று மாதமாக வராதவர்கள் யார்? இந்த வாரம் அவர்கள் வீட்டுக்கு யார் போகிறீர்கள்? பெயர் குறித்துக்கொண்டு கூட்டத்தை முடியுங்கள்.